நாலு ஏக்கர் புஞ்சையை நில அறக்கட்டளையிடம் விட்டேன்: மூன்று வருட அனுபவம்

காரைக்குடியில் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறவள் நான். கைமுறுக்கில் ஒரு சுற்று உடைந்திருந்தாலும் வாங்கியவர்கள் போன் போட்டுச் சொல்லிவிடுவார்கள். அதே கண்ணோடுதான் இதையும் எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு சின்ன நில அறக்கட்டளையைப் பற்றியது இது. சும்மா கிடக்கும் பட்டா நிலத்தை நீண்ட குத்தகைக்கு எடுத்து, மனை போடவிடாமல், மண் அள்ளவிடாமல், காடாகவும் நீர்வரத்தாகவும் வைத்துப் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. குறையும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை.

நிலம் அப்பச்சி வைத்துவிட்டுப் போனது. தேவகோட்டை போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி நாலு ஏக்கர் புஞ்சை. அப்பச்சி காலத்தில் கேழ்வரகும் எள்ளும் போட்டார்கள். அப்புறம் கிணறு வற்றியது, ஆளும் கிடைக்கவில்லை, சீமைக் கருவேல் ஏறிவிட்டது. பதினைந்து வருஷமாக நான் வரப்பில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவதோடு சரி. பக்கத்து நிலத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்டு, கலர் கொடி கட்டி, வளைவு வைத்து மனை போட்டுவிட்டார்கள். எங்களுடையதற்கும் தரகர் மாதம் ஒருமுறை வந்துகொண்டிருந்தார். இன்னொருவர் நிலமே வேண்டாம், மேல் செம்மண் மட்டும் போதும் என்றார். “ரெண்டடி தான் ஆச்சி, ஒரு மழைக்குச் சரியாப் போயிரும்.” ரெண்டடி செம்மண் ஒரு மழையில் எங்கிருந்து வரும் என்று அவர் சொல்லவில்லை.

நான் இடம் கொடுக்காததற்குக் காரணம் நிலத்தின் மேல் பாசம் மட்டும் இல்லை. ஊர் ஊருணிக்குத் தண்ணீர் போகும் வரத்துக்கால் எங்கள் நிலத்தின் நடுவே ஓடுகிறது. செட்டிநாட்டு ஊர்களைக் கட்டியவர்கள் தண்ணீரை முதலில் யோசித்துவிட்டுத்தான் வீட்டைக் கட்டியிருக்கிறார்கள். ஓட்டில் விழும் மழை வீட்டு நடுமுற்றமான வளவுக்கு இறங்கும், அங்கிருந்து தெருக்கால், அங்கிருந்து ஊருணி. முதல் மழையை ஓடவிட்டுவிட்டு இரண்டாவது மழையிலிருந்துதான் அப்பத்தா கூரைத் தகரத்துக்குக் கீழே அண்டா வைப்பார். வீட்டுத் தண்ணீர் மட்டும் ஊருணிக்குப் போதாது. பொட்டலில் விழுவதும் வந்து சேரவேண்டும். அந்தப் பொட்டல்தான் இப்போது மனையாகிக்கொண்டிருக்கிறது. கண்மாய் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. ஆனால் அது அப்போது பொதுப்பணித் துறையின் பொறுப்பில் இருந்த கண்மாய், ஏரிகளுக்கு. பட்டா நிலத்தில் விழும் மழையை யார் பார்ப்பது?

என் மகள் அமெரிக்காவில் பாஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். நில அறக்கட்டளை என்ற பேச்சே அவள் வழியாகத்தான் வந்தது. அவள் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1891-லேயே சார்லஸ் எலியட் என்பவர் முயற்சியில் இப்படி ஓர் அமைப்பு தொடங்கிவிட்டார்களாம். இப்போது அங்கே ஊருக்கு ஊர் இருக்கிறது. நிலம் நம் பெயரிலேயே இருக்கும், கட்டடம் கட்டும் உரிமையை மட்டும் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்துவிடலாம். பிறகு யார் வாங்கினாலும் அந்தக் கட்டுப்பாடு நிலத்தோடேயே போகும். வருஷத்துக்கு ஒருமுறை ஆள் வந்து, பழைய போட்டோவை வைத்துக்கொண்டு எல்லையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அதே போல இங்கே எழுத முடியுமா என்று வக்கீலிடம் கேட்டேன். முடியாது என்றார். நம் ஊர் ஈஸ்மென்ட் சட்டம் (அடுத்தவர் நிலத்தின் மேல் நமக்கு இருக்கும் உரிமை பற்றியது) 1882-ல் போட்டது. ஒரு நிலத்தின் மேல் உரிமை கொண்டாட வேண்டுமானால், அந்த உரிமையால் பயன்படும் இன்னொரு நிலம் நம்மிடம் இருக்கவேண்டும். வண்டிப்பாதை, வாய்க்கால் என்றால் சரி. எங்கேயோ ஆபீஸ் வைத்திருக்கும் அறக்கட்டளைக்கு அது பொருந்தாது. ஆக, இங்கே இருப்பது தானம் அல்லது குத்தகை. தானமாகக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இன்றைய அறங்காவலர்கள் நல்லவர்கள், நாளைக்கு வருகிறவர்களை நான் பார்த்ததில்லை. எங்கள் ஆட்கள் பூசைக்கும் பாடசாலைக்கும் எழுதிவைத்த கட்டளை நிலங்கள் சில எங்கே போயின என்று பெரியவர்களுக்குத் தெரியும். குத்தகை என்று முடிவு செய்தேன். இருபது வருஷம், வருஷத்துக்கு நூறு ரூபாய்.

ஒரு விஷயத்தில் அவர்களைப் பாராட்டியே ஆகவேண்டும். சும்மா வெள்ளைத் தாளில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன், செலவு மிச்சம் என்று. ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆகவேண்டும், பதிந்தால்தான் வில்லங்கச் சான்றில் ஏறும், நாளைக்கு யாராவது விலை பேச வந்தாலும் முதல் பக்கத்திலேயே அது கண்ணில் படும் என்று விளக்கினார்கள். பங்காளிகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டாகவேண்டும் என்பதிலும் பிடிவாதம். கோலாலம்பூரில் இருக்கும் சித்தப்பா மகனிடமிருந்து பவர் பத்திரம் வர ஐந்து மாதம் ஆனது. “ஏன் ஆச்சி, மனையாப் போட்டா என் பங்குக்கே ஒரு காரு வரும்” என்றான். “காரு உனக்கு ஏற்கெனவே ரெண்டு இருக்குடா தம்பி” என்றேன். போட்டுவிட்டான்.

முதல் வேலை எல்லைக்கல் தேடுவது. சர்வேயர் எஃப்எம்பி என்கிற நில அளவை வரைபடத்தோடு வந்தார். மூன்று மூலைக் கல் இருந்தது. வடகிழக்குக் கல்லைக் காணோம். மனைக்காரர்கள் பிடுங்கியிருப்பார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அறக்கட்டளையில் இருக்கும், கல்லல் என்ற ஊர்ப் பக்கத்துப் பையன் விடவில்லை. அளவு விழுந்த இடத்தில் ஒரு பெரிய கருவேல மூட்டைச் சுற்றி அரிவாளால் செதுக்கிக்கொண்டே போனான். வேர் கல்லைக் கவ்விக்கொண்டு இருந்தது, கைப்பிள்ளை கிலுகிலுப்பையைப் பிடித்திருப்பது போல. அறுத்து எடுத்துத் துடைத்தால் மேலே வெட்டிய குறி தெளிவாகத் தெரிந்தது. பக்கத்து மனை வேலி எங்கள் பக்கம் ஏழடி உள்ளே வந்திருப்பது அப்போதுதான் வெளிச்சமானது. சண்டை இல்லாமல் நகர்த்திக்கொண்டார்கள். இந்த ஒரு நாள் வேலைக்கே நான் முழு மார்க் போடுவேன்.

அப்புறம் கருவேல். 2017-ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை உத்தரவு வந்த சமயம் ஊரே வெட்டியது ஞாபகம் இருக்கும். தரையோடு அறுத்துவிட்டால் அடுத்த மழைக்கு மூட்டிலிருந்து நாலாகத் தழைக்கும். இவர்கள் ஜேசிபி வைத்து வேரோடு தோண்டினார்கள், ஆனால் நிலம் முழுக்க இல்லை. இடையிடையே வீரை, காரை, சூரை, ஆவாரை, ஒரு ஓரத்தில் வயசான உலக்கைப்பாலை ஒன்று, இவற்றுக்கெல்லாம் சிவப்புத் துணி கட்டிவிட்டு அந்தப் பக்கம் வண்டியே போகவிடவில்லை. விறகைக் கரிமூட்டம் போடுகிறவருக்கு விற்றார்கள். ஜேசிபி கூலி நாற்பதாயிரத்தில் பாதிக்கு மேல் அதிலேயே வந்துவிட்டது. ஆனால் அந்தக் கணக்கு என் கைக்கு வர எட்டு மாதம். கேட்டால் “ஆடிட்டரிடம் இருக்கு ஆச்சி” என்பார்கள். நான் தினமும் இரவு பலகாரக் கணக்கை எழுதிவிட்டுத்தான் படுக்கிறேன். எட்டு மாதம் என்றால் கோபம் வராதா?

அதைவிடப் பெரிய கோபம் இரண்டாம் வருஷம். ஜூன் 5, சுற்றுச்சூழல் தினமாம். ஒரு கம்பெனி பணம் கொடுத்தது. பேனர், தொப்பி, வடை, இருநூறு கன்று. வைகாசி வெயிலில் செட்டிநாட்டுப் பொட்டலில் கன்று நடுகிறவர்களை நான் அன்றுதான் பார்த்தேன். இங்கே நின்று பெய்யும் மழை ஐப்பசியில்தான் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். இவர்களுக்கும் தெரியும், ஆனால் கம்பெனிக்குப் போட்டோ வேண்டும். லாரித் தண்ணீர் இரண்டு வாரம் வந்தது, பிறகு நின்றது. ஆவணியில் போய் எண்ணினேன். உயிரோடு இருந்தது பதினேழு. மிச்சத்தைக் காயவைத்தது வெயில் பாதி, மேய்ந்தது ஆடு பாதி.

நேரில் போய்ச் சத்தம் போட்டேன். ஒத்துக்கொண்டார்கள், மழுப்பவில்லை. அந்த வருஷம் புரட்டாசியிலேயே கரையோரம் பனங்கொட்டை ஊன்றினார்கள், பேனர் இல்லாமல். ஆடு மேய்க்கிறவரைக் கூப்பிட்டுப் பேசியதுதான் இன்னும் நல்ல காரியம். தெற்கு ஓரத்தில் ஒரு ஏக்கரை மேய்ச்சலுக்கு விட்டார்கள். கருவேல நெற்றைத் தின்ற ஆட்டின் புழுக்கையில்தான் விதை பரவுகிறது என்பதால், மழைக்கு மழை முளைக்கும் குட்டிக் கருவேலைப் பிடுங்குவது அவர் பொறுப்பு, அதற்குத் தனிக் கூலி. இப்போது காவலும் அவர்தான்.

வரத்துக்கால் தூர்வாரியது முதல் வருஷமே. எனக்கு அதில் நம்பிக்கை இல்லாமல் இருந்தது, ஏனென்றால் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை, முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம். போன ஐப்பசியில் இரவு முழுக்கப் பெய்து விடிந்ததும் அந்தப் பையன் போன் போட்டான். “ஆச்சி, வந்து பாருங்க.” அதிரசப் பாகு அடுப்பில் இருந்தது, மருமகளிடம் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்துப் போனேன். செங்காவித் தண்ணீர் நுரையும் சருகுமாக எங்கள் நிலத்தைக் குறுக்கே கடந்து போய்க்கொண்டிருந்தது. அதன் கூடவே நடந்து போனேன். வழியில் மனைக்காரர்கள் போட்ட ரோட்டுக்குக் கீழே குழாய் சின்னது, அங்கே முட்டி நின்று, சுழன்று, பிறகு ஓரமாக வழிந்து போனது. ஊருணிப் படியில் மூன்று படி நனைந்திருந்தது. சாயங்காலத்துக்குள் ஐந்து படி. பாகு முறிந்துபோய்விட்டது, அது வேறு கதை.

நிலம் கொடுத்தவர்களை வருஷத்துக்கு ஒருமுறை வேனில் எங்காவது கூட்டிப்போவார்கள். இந்தத் தடவை திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி. 1977-லிருந்து சரணாலயம். கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்திதான், ஆனால் நத்தைக்குத்தி நாரை கூட்டமாக மரத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு அதைக் கேட்பது வேறு. தயிர்சாதம் பரவாயில்லை. முறுக்கு கடையில் வாங்கியது, காறல் வாடை.

மார்க் கேட்டால்: நிலத்தில் செய்த வேலைக்கு ஐந்துக்கு நாலரை. கணக்குக்கு இரண்டு. போன் எடுப்பதற்கு மூன்று. கன்று நட்ட கூத்துக்கு ஒன்றும் கிடையாது.

கொடுக்க நினைப்பவர்கள் பட்டா, சிட்டா, எஃப்எம்பி, வில்லங்கச் சான்று நாலையும் கையில் வைத்துக்கொண்டு போங்கள். பங்காளிகளிடம் முதலில் பேசிவிடுங்கள். எந்த மாதத்தில் நடுவார்கள், கணக்கு எந்தத் தேதிக்குள் வரும் என்று பத்திரத்திலேயே எழுதி வாங்குங்கள், நான் வாங்கவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை எல்லை சுற்றிப் போட்டோ எடுக்கிறார்கள், ஒரு பிரதி கேளுங்கள். இருபது வருஷம் முடிந்தபிறகு என்ன என்ற கேள்விக்கு அவர்களிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. எனக்கு இப்போது வயது அறுபத்திரண்டு.

கோலாலம்பூர்த் தம்பி பொங்கலுக்கு வருகிறான். கையெழுத்துப் போட்டானே தவிர நிலத்தைப் பார்த்து இருபது வருஷம் ஆகிறது. நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், முள் இன்னும் முழுசாகப் போகவில்லை.