வீவக மறுவிற்பனைத் தளம்: வேலையைச் சுளுவாக்கும், காவல் காக்காது

சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) நடத்தும் இந்த இணையத்தளம் 2018 ஜனவரியில் வந்தபோது, 16 வாரம் இழுத்த மறுவிற்பனை வேலை 8 வாரமாகக் குறைந்தது. 2024 மே முதல் வீட்டு விளம்பரத்தையும் இதிலேயே இலவசமாகப் போடலாம். அப்புறம் எதற்கு முகவர் என்று தோன்றுவது இயல்பு. 600,000 வெள்ளி வீட்டை வாங்குபவர் பொதுவாகத் தரும் 1 விழுக்காட்டுத் தரகே 6,000 வெள்ளி ஆகிவிடுகிறது.

முகவர் இல்லாமல் முடிக்கலாம். ஆனால் தளம் படிவத்தையும் தேதியையும்தான் பார்த்துக்கொள்ளும். ஆப்ஷனில் (விற்பவர் தரும் வாங்கும் உரிமைப் பத்திரம்) கையெழுத்துப் போடும் முன் “இந்த வீடு உங்களுக்குக் கட்டுப்படியாகாது” என்று யாரும் கையைப் பிடிக்க மாட்டார்கள். பணம் கரைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

தளத்தின் மிக நல்ல பகுதி எச்எஃப்இ கடிதம், அதாவது வீவக வீடு வாங்கும் தகுதிக் கடிதம். வாங்கும் தகுதி, மானியம், வீவக கடன் தொகை மூன்றும் ஒரே கடிதத்தில் வந்துவிடும். சிங்பாஸில் (அரசாங்க மின்னடையாளக் கணக்கு) நுழைந்ததும் பெரும்பாலான விவரங்கள் தாமாகவே நிரம்பும். முதல்கட்டச் சோதனை முடிந்த 30 நாளுக்குள் முழு விண்ணப்பத்தையும் போட்டுவிட வேண்டும். கூட வாங்குபவர், உடன் குடியிருக்கப்போகிறவர் என எல்லாரும் தனித்தனியே சிங்பாஸில் ஒப்புதல் தர வேண்டும். ஊரில் இல்லாத மாமனார் ஒப்புதல் தரவில்லையென்றால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். இந்தக் கடிதம் கையில் இல்லாமல் ஆப்ஷன் வாங்க முடியாது என்பதால், வீடு பார்க்கப் போகும் முன்பே இதை முடித்துவிடுவது நல்லது.

விற்பவர் விற்கும் எண்ணத்தைத் தளத்தில் பதிந்து 7 நாள் கழித்துத்தான் ஆப்ஷன் தரலாம். அந்தப் பதிவு 12 மாதம் செல்லும். ஆப்ஷனுக்கு வீவக படிவம் மட்டுமே செல்லும். தனித்தாளில் எழுதிக்கொள்ளும் பக்க ஒப்பந்தம் எதுவும் நிற்காது. ஆப்ஷன் கட்டணம் 1 முதல் 1,000 வெள்ளி வரை, முன்பணம் மொத்தமும் சேர்த்து 5,000க்கு மேல் போகக்கூடாது. வாங்குபவருக்கு 21 நாள் அவகாசம். ஞாயிறு, விடுமுறை எல்லாம் கணக்கில் உண்டு. 21ஆம் நாள் மாலை 4 மணிக்கு ஆப்ஷன் காலாவதி ஆகிவிடும். வங்கிக் கடன் என்றால் அதற்குள் வங்கியின் கடன் கடிதமும் கைக்கு வந்திருக்க வேண்டும். வந்த பிறகே ஆப்ஷனை நிறைவேற்றி, வாங்குவதை உறுதிசெய்யலாம்.

இனி மதிப்பீடு. 2014 மார்ச் முதல் விலை பேசி முடித்த பிறகுதான் மதிப்பீடு. மத்திய சேமநிதியோ (மசே நிதி) கடனோ பயன்படுத்துகிறவர், ஆப்ஷன் தேதிக்கு அடுத்த வேலை நாளுக்குள் தளத்தில் மதிப்பீட்டுக் கோரிக்கை அனுப்ப வேண்டும். கட்டணம் 120 வெள்ளி. 620,000க்குப் பேசிய வீட்டுக்கு 590,000 என்று மதிப்பு வந்தால், இடையிலுள்ள 30,000 வெள்ளியும் ரொக்கமாகவே போக வேண்டும், மசே நிதியைத் தொட முடியாது. 75 விழுக்காடு கடனும் 590,000க்குத்தான், அதாவது அதிகபட்சம் 442,500. ரொக்கம் இல்லையென்றால் ஆப்ஷனைக் கைவிட்டு, கட்டிய கட்டணத்தை இழப்பதே மிச்சம். அதனால் ஆப்ஷன் கட்டணத்தை 1,000 வரை ஏற்றாமல் குறைத்துப் பேசுவது வாங்குபவருக்கு நல்லது. அதே புளோக்கில் அண்மையில் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்பதைத் தளத்திலேயே பார்க்கலாம். விலை பேசுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

எஞ்சிய குத்தகையையும், அதாவது வீட்டை வைத்திருக்க மிச்சமுள்ள ஆண்டுகளையும், தளம் காட்டும். அதை உங்கள் வயதோடு கூட்டிப் பார்க்க வேண்டியது நீங்கள்தான். வாங்குபவர்களில் இளையவருக்கு 95 வயது ஆகும்வரை குத்தகை இருந்தால்தான் மசே நிதியையும் வீவக கடனையும் முழு அளவில் பயன்படுத்தலாம். 52 ஆண்டு மிச்சமுள்ள வீட்டை 45 வயதுக்காரர் வாங்கினால் 97, சிக்கலில்லை. 35 வயதுக்காரருக்கு 87தான் வருகிறது, இரண்டும் விகிதப்படி குறையும். எஞ்சிய குத்தகை 20 ஆண்டுக்கும் கீழே போய்விட்டால் மசே நிதி அறவே கிடையாது. “மலிவாக வருகிறதே” என்று பழைய பேட்டை வீட்டில் கைவைப்பவர்கள், பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துத் தங்களிடம் வாங்க வருபவருக்கும் இதே கணக்கு என்பதை யோசிக்க வேண்டும்.

நம்மவர்கள் தவறாமல் பார்க்க வேண்டியது இன ஒதுக்கீடு. 1989 முதல் நடப்பில் உள்ள இந்தக் கொள்கையில் இந்தியர், பிற இனத்தவருக்கு வட்டாரத்தில் 12, புளோக்கில் 15 விழுக்காடு வரம்பு. புளோக்கில் இந்தியர் வரம்பு நிறைந்துவிட்டால் இந்தியர் வாங்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. அங்கே இன்னொரு இந்தியரிடமிருந்து வாங்கலாம். விற்கும்போது உறுத்துவது வேறு வரம்பு: சீனர் வரம்பு நிறைந்த புளோக்கில் இந்தியர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருகிற கூட்டத்தில் பெரும்பகுதி அங்கேயே கழிந்துவிடும், விலையும் இறங்கும். ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி நிலவரம் மாறும். புளோக் எண்ணைத் தட்டினால் தளம் உடனே சொல்லும். இந்தச் சோதனைப் பக்கம் அருமை. முதல் நாளே பாருங்கள், ஆப்ஷனுக்குப் பிறகு பார்த்துப் பயனில்லை.

மறுவிற்பனை விண்ணப்பக் கட்டணம் 3 அறை வீடு முதல் 80 வெள்ளி, அதற்குச் சிறியதற்கு 40. வாங்குபவர், விற்பவர் இருவரில் ஒருவர் விண்ணப்பித்த 7 நாளுக்குள் மற்றவரும் அனுப்ப வேண்டும். வீவகவே சட்டப்பணியைச் செய்தால் 500,000 வெள்ளி வீட்டுக்கு வாங்குபவரின் சட்டக் கட்டணம் சில நூறு வெள்ளிதான். முத்திரை வரி தனி, இதே விலைக்கு 9,600. அனுமதியின்றி இடித்த சுவர் இருந்தால் வீவக சோதனையில் சிக்கும், விற்பவர் சரிசெய்யும்வரை வேலை நகராது. வீட்டைப் பார்க்கப் போகும்போதே மூல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

விற்பவரின் கைக்கு வரும் தொகையில் மறப்பது வட்டி. 10 ஆண்டுக்கு முன் மசே நிதியிலிருந்து 150,000 எடுத்திருந்தால், 2.5 விழுக்காட்டுக் கூட்டு வட்டியோடு ஏறத்தாழ 192,000 திரும்ப நிதிக்கே போகும். கையில் ரொக்கமாக வராது.

ஒரே நாளில் பழையதை விற்றுப் புதியதை வாங்க நினைப்பவர்களும், விவாகரத்து அல்லது மரணத்தால் பெயர் மாற வேண்டிய வீட்டுக்காரர்களும் தளத்தை மட்டும் நம்பாமல் வழக்கறிஞரிடம் போவது மேல்.

வாடகைக்கு விடும் பகுதி சுருக்கமானது, அனுமதி விரைவாகவே கிடைக்கும். முழு வீட்டையும் வாடகைக்கு விட, குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்த குடிமக்களால்தான் முடியும், நிரந்தரவாசிகளுக்கு இல்லை. ஒப்பந்தம் 6 மாதத்துக்குக் குறையக்கூடாது. குடியேறும் முன் அனுமதி வாங்க வேண்டும். ஓர் அறையைப் பூட்டி வைத்துவிட்டு “அறைகளைத்தான் விட்டிருக்கிறேன்” என்று வெளியே குடியிருப்பது விதிமீறல், வீட்டையே பறிகொடுக்க நேரலாம். முத்திரை வரி இந்தத் தளத்தில் இல்லை. உள்நாட்டு வருவாய் ஆணையத்தில் 14 நாளுக்குள் கட்ட வேண்டும்: மாத வாடகை 3,000 வீதம் 24 மாதத்துக்கு 0.4 விழுக்காடு, 288 வெள்ளி. முத்திரையிடாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியாக ஏற்காது. ஒப்பந்தத்தை 2 ஆண்டுக்குள் நிறுத்திக்கொண்டால், முன்பணத் தகராறு வந்தாலும் 20,000 வெள்ளி வரை சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்திலேயே வழக்கறிஞர் இல்லாமல் முடித்துக்கொள்ளலாம்.