ட்ரெய்லர் படகுக்கு அடிப்பெயின்ற் வேண்டாம், மெழுகே போதும்

எங்களுடையது 17 அடி ஃபைபர்கிளாஸ் படகு. ரொறன்ரோவுக்கு வடக்கே சிம்கோ ஏரியில் காலையில் இறக்கி, மீன் பிடித்துவிட்டு மாலையில் ஏற்றிவிடுவோம். குளிர்காலம் முழுக்க வீட்டு வாசலில் உறைக்குள் கிடக்கும். வசந்தத்தில் உறையைக் கழற்றினால் போதும், "அடிக்குப் பாசி பிடிக்காத பெயின்ற் அடியுங்கோ" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். பல பருவங்கள் பார்த்துவிட்டேன். எங்களைப் போல ஓட்டுபவர்களுக்கு அது வீண்செலவு.

அந்தப் பெயின்றில் உள்ள செம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கசிவதால்தான் பாசியும் மட்டியும் ஒட்டுவதில்லை. வாரக்கணக்கில் தண்ணீரிலேயே கட்டிக்கிடக்கும் படகுக்கு அது அவசியம். ட்ரெய்லரில் காய்ந்தபடி நிற்கும் படகில் பல வகைப் பெயின்றுகள் வீரியம் இழந்துவிடும். மென்மையான வகை, ட்ரெய்லரில் படகு அமரும் தாங்குபலகைகளில் உரசியே தேய்ந்துபோகும். பிறகு வேண்டாமென்று சுரண்டி எடுப்பதோ நச்சுத்தூசு பறக்கும் வேலை.

நான் செய்வது கழுவுதல், கறை நீக்கல், மெழுகு, அவ்வளவுதான். நீர்மட்டக் கோட்டில் படியும் பழுப்புக் கறைக்கு சோப்பு சரிவராது. ஒக்ஸாலிக் அமிலம் கலந்த கிளீனரைப் பூசிச் சில நிமிடம் விட்டுக் கழுவினால், தேய்க்காமலே போய்விடும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அமிலம் ட்ரெய்லரில் வடிந்தால் அதன் துத்தநாகப் பூச்சை அரிக்கும். ஆகவே ட்ரெய்லரை முதலிலேயே நனைத்துவிட்டு, முடிந்ததும் தாராளமாகக் கழுவிவிடுங்கள்.

வெளுத்துச் சுண்ணாம்பு படிந்தது போலத் தெரியும் இடங்களில் தண்ணீரைத் தடவிப் பாருங்கள். ஈரத்தில் பழைய நிறம் தெரிந்தால் கெடுதல் மேலோட்டமானது, ரப்பிங் கொம்பவுண்ட் (தேய்த்து மெருகேற்றும் பசை) போதும். தெரியாவிட்டால் நனைத்த உப்புத்தாளால் தேய்க்க வேண்டிவரும். ஆனால் ஃபைபர்கிளாஸின் மேலுள்ள பளபளப்பான பூச்சான ஜெல்கோட் அரை மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். கொம்பவுண்ட் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சத்தைத் தின்கிறது. பளபளப்பு மீதான ஆசையில் வருடாவருடம் போடுபவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். மங்கிய இடத்துக்கு மட்டும் போட்டால் போதாதா?

பொலிஷ் மெஷின் வாங்குவதென்றால் டூயல் அக்‌ஷன் வகையை, அதாவது சுழன்றுகொண்டே பக்கவாட்டிலும் அசைவதை, வாங்குங்கள். வெறுமனே சுழலும் ரோட்டரி வேகமானதுதான், பழகாத கையில் விளிம்புகளைச் சுட்டுவிடும். செலவழித்ததில் எனக்கு நிறைவு தந்த பொருள் இந்த மெஷின்தான். கையால் தேய்த்தால் தோள்பட்டை கழன்றுவிடும்.

மெழுகில் பனையோலையிலிருந்து எடுக்கும் கார்னோபாவின் பளபளப்பு அழகு, ஆனால் வெயில் படும் பக்கத்தில் கோடை முடியும் முன்பே மங்குகிறது. பொலிமர் சீலண்ட் என்ற செயற்கைப் பூச்சு அவ்வளவு மின்னாது. எங்கள் படகில் அதுதான் நீடித்தது. இரண்டையும் நிழலில், படகு சூடேறாத நேரத்தில் பூச வேண்டும். மெழுகு போட்ட அடி வழுக்கும் என்பதையும் மறக்கக்கூடாது: ட்ரெய்லர் தண்ணீருக்குள் போகும்வரை படகை ட்ரெய்லரோடு பிடித்திருக்கும் வின்ச் பட்டியைக் கழற்றாதீர்கள், படகு சரிவிலேயே இறங்கிவிடும்.

தாங்குபலகைகள் மறைக்கும் இடங்கள் வழக்கமாகக் கண்ணில் படுவதில்லை. படகு ஏரியில் மிதக்கும்போது பலகைக் கம்பளத்தில் ஆணி ஏதும் துருத்துகிறதா என்று தடவிப் பார்ப்பேன். அடியில் மயிரிழை வெடிப்பு இருந்தால் பெரும்பாலும் மேற்பூச்சோடு நின்றுவிடும். வெடிப்பு பெருகினாலோ அதிலிருந்து பழுப்பு நீர் கசிந்தாலோ ஃபைபர்கிளாஸ் வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

மெழுகின் இன்னொரு லாபம் சட்டத்தோடு சேர்ந்தது. ஒன்ராறியோவில் 2022 ஜனவரி 1 முதல், படகைத் தரைவழியே கொண்டுபோகுமுன் வடிகால் அடைப்பைத் திறந்து நீரை வெளியேற்றி, ஒட்டிய நீர்த்தாவரங்களையும் உயிரினங்களையும் அகற்றியாக வேண்டும். இப்படிப் படகுகளோடு ஏரிக்கு ஏரி பரவும் வரிக்குதிரை மட்டிகள் 1988இல் ஒன்ராறியோ எல்லையிலுள்ள சென் கிளயர் ஏரியில் கண்டறியப்பட்டன; இப்போது சிம்கோவிலும் உண்டு. மெழுகு போட்ட அடியென்றால் கரையில் ஒரு ஈரத்துணியால் வழித்தாலே சுத்தம். அடைப்பை அடுத்த முறை இறக்குமுன் திரும்பப் பூட்ட மறந்துவிடாதீர்கள்.