படம் பெரிதாகலாம், அளவு மாறக்கூடாது: ஆட்டோகேடில் 15 வருடம்

கட்டட வரைபடம் போடும் வேலைக்கு வந்து 15 வருடம் ஆகிறது. அத்தனை வருடமும் ஆட்டோகேட்தான். வீடுகள், கடைகள், எப்போதாவது ஒரு மண்டபம். நான் மில்லிமீட்டரில் போடுவேன். சைட்டில் மேஸ்திரி அடி, இஞ்ச்சில் கேட்பார். இந்த மென்பொருளில் என்னை அதிகம் அலைக்கழித்தது ஒரே விஷயம். படத்தின் ஒரு பகுதியைப் பெரிதாக்கிக் காட்ட வேண்டும், ஆனால் அதில் எழுதியிருக்கும் அளவு மாறக்கூடாது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் ஒரு மாடிப்படியின் டீடெயில் (ஒரு பகுதியைப் பெரிதாக்கிக் காட்டும் படம்) போட்டேன். கட்டடத்தை வெட்டிப் பார்ப்பதுபோல் போட்ட செக்‌ஷனிலிருந்து படியைக் காப்பி எடுத்து ஸ்கேல் கட்டளையில் 2 கொடுத்தேன். படியின் உயரம் 150 இருந்தது 300 ஆனது, மிதி 250 இருந்தது 500 ஆனது. இதில் மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. டைமென்ஷன், அதாவது அளவைக் காட்டும் குறி, கோட்டோடு ஒட்டியிருக்கிறது; கோடு நீண்டால் எண்ணும் ஏறத்தான் செய்யும். ஆனால் அப்போது எனக்கு வேறு வழி தெரியாது. ஒவ்வொரு எண்ணையும் திறந்து 150, 250 என்று கையால் அடித்து வைத்தேன். இரண்டு வாரத்தில் தள உயரம் 3000-லிருந்து 3200 ஆனது. படிகள் அதே 20, உயரம் மட்டும் 160. கோடுகளை மாற்றினேன். கையால் அடித்த எண்கள் மாறவில்லை, நானும் கவனிக்கவில்லை. சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை) அடித்தவர் தாளில் இருந்த 150-ஐ நம்பி அடித்தார். மேலே போய்ச் சேரும்போது 200 மி.மீ. குறைந்தது. கான்கிரீட் போடுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது என்றாலும், பலகை முழுவதையும் பிரித்து மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. அந்த ஆள்களின் ஒரு நாள் உழைப்பு என்னால் வீணானது இன்றும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு எண்ணைக் கையால் அடிப்பதை விட்டுவிட்டேன். வெளியிலிருந்து வரும் கோப்பைத் திறந்ததும் நான் முதலில் தேடுவதும் அதைத்தான். க்விக் செலக்ட்டில் 'டெக்ஸ்ட் ஓவர்ரைடு' என்ற பண்பை வைத்துத் தேடினால் கையால் மாற்றிய டைமென்ஷன்கள் தனியாக வந்துவிடும். பிராப்பர்ட்டீஸில் அந்தக் கட்டத்தைக் காலி செய்தால் உண்மையான அளவு திரும்ப வரும்.

சரி, படம் வரையும் இடமான மாடல் ஸ்பேஸிலேயே பெரிதாக்கித்தான் ஆக வேண்டும் என்றால்? அதற்கு டிம்எல்ஃபேக் என்ற அமைப்பு இருக்கிறது. டைமென்ஷன்கள் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் டைமென்ஷன் ஸ்டைலில் பிரைமரி யூனிட்ஸ் பக்கத்தில் 'ஸ்கேல் ஃபேக்டர்' என்று இருக்குமே, அதுதான். படத்தை 2 மடங்கு ஆக்கினால் அங்கே 0.5, 5 மடங்கு ஆக்கினால் 0.2. அளந்த நீளத்தை அந்த எண்ணால் பெருக்கித்தான் காட்டும். கோணங்களை இது தொடாது, தொடவும் தேவையில்லை. கோடு மாறினால் எண்ணும் சரியாக மாறும். கையால் அடிப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே இதுதான்.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு. ஒன்றின் பண்புகளை இன்னொன்றுக்கு ஒட்டும் மேட்ச் பிராப்பர்ட்டீஸ், டைமென்ஷன் ஸ்டைலையும் சேர்த்தே எடுத்துப்போகும். டீடெயிலில் இருக்கும் ஒரு டைமென்ஷனைத் தொட்டுவிட்டு பிளானில் இருப்பதைத் தொட்டால், 3000 சுவர் சத்தமில்லாமல் 1500 ஆகிவிடும். அதனால் பெரிதாக்கிய டீடெயிலுக்கு எப்போதும் தனி ஸ்டைல் வைக்கிறேன், பெயரிலேயே '2மடங்கு' என்று எழுதி, நிறத்தையும் மாற்றிவிடுகிறேன்.

உண்மையில் இவ்வளவும் தேவையில்லாத வழி, தாளை அமைக்கும் இடமான பேப்பர் ஸ்பேஸ். படத்தை மாடலில் ஒன்றுக்கு ஒன்றாக விட்டுவிட்டு, லேஅவுட்டில் (அந்தத் தாளில்) ஒரு வியூபோர்ட்டை, அதாவது மாடலைக் காட்டும் ஜன்னலை, 1:100, இன்னொன்றை 1:20 என்று வைத்தால் போதும். ஒரே படிதான், இரண்டு பருமனில் தெரியும். காப்பியே இல்லாதபோது ஒன்றை மாற்றி மற்றதை மறக்கும் பேச்சுக்கே இடமில்லை. ஸ்கேல் வைத்த கையோடு வியூபோர்ட்டைப் பூட்டிவிடுங்கள். பூட்டாமல் உள்ளே போய் மவுஸ் சக்கரத்தை ஒரு தடவை உருட்டினால் 1:20 போயே போய்விடும்.

எழுத்தின் உயரத்துக்கு 2008 பதிப்பில் வந்த அனோடேட்டிவ் வசதியைப் பயன்படுத்துகிறேன். தாளில் 2.5 மி.மீ. வேண்டும் என்று சொன்னால் ஒவ்வொரு ஸ்கேலுக்கும் அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். பழகச் சில மாதங்கள் பிடித்தன, ஆனால் இப்போது அது இல்லாமல் வேலை ஓடாது. ஒரே குறை, பல கைகள் மாறி வந்த பழைய கோப்புகளில் ஸ்கேல் பட்டியல் நூற்றுக்கணக்கில் பெருகிக் கோப்பு நொண்ட ஆரம்பிக்கும். ஸ்கேல் லிஸ்ட் எடிட்டில் ரீசெட் கொடுத்தால் சரியாகிவிடுகிறது.

இஞ்ச்சில் போட்ட கோப்பு வந்தால் 25.4-ஆல் பெருக்கி மில்லிமீட்டருக்குக் கொண்டுவருகிறேன். மேஸ்திரிக்காக, இரண்டாவது அலகையும் காட்டும் ஆல்டர்னேட் யூனிட்ஸைத் திறந்து, வடிவத்தை ஆர்க்கிடெக்ச்சரல் என்று வைத்து 0.03937 கொடுத்தால் 3048-க்குப் பக்கத்திலேயே 10 அடி என்று வரும். அதைச் சுருக்கி 0.0394 என்று கொடுக்காதீர்கள். பெரிய நீளங்களில் அந்தச் சின்ன வித்தியாசம் வெளியே தெரியும்.

ஸ்கேன் செய்த பழைய பிளானுக்கு வழி வேறு. ஸ்கேலில் ரெஃபரன்ஸ் எடுத்து, தெரிந்த ஒரு நீளத்தின் இரு முனைகளைக் காட்டி உண்மை அளவைக் கொடுக்க வேண்டும். இருப்பதிலேயே நீளமான பக்கத்தைப் பிடியுங்கள். 3 அடிக் கதவை வைத்துப் பிடித்தால், கிளிக்கில் வரும் அரை இஞ்ச் பிசகு 60 அடி மனையில் 10 இஞ்ச்சாக நிற்கும். அப்புறம் குறுக்குவாட்டிலும் ஒரு அளவைச் சரிபாருங்கள், ஸ்கேனில் தாள் ஒரு பக்கமாக இழுபட்டிருக்கலாம்.

நான் இன்னும் முழுதாகச் சமாளிக்காத ஒன்று பிரின்ட். ஏ1 தாளுக்குப் போட்ட 1:50 படத்தை ஜெராக்ஸ் கடையில் ஏ3-இல் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நீளம் பாதியாகி அது 1:100 ஆகிவிடுகிறது, மூலையில் மட்டும் 1:50 என்றே இருக்கிறது. சைட்டில் யாராவது ஸ்கேலை வைத்து அளந்தால் வம்புதான். இப்போதெல்லாம் ஒவ்வொரு தாளிலும் கோடு போட்ட ஸ்கேல் பட்டை ஒன்றை வைக்கிறேன். தாள் சுருங்கினால் அதுவும் சேர்ந்து சுருங்கும். பக்கத்தில், 'அளந்து எடுக்க வேண்டாம், எழுதிய அளவையே பின்பற்றவும்' என்று தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.