மெத்தைய இலவசமா சுத்தம் பண்றோம்னு வந்தாங்க, 3,512 வெள்ளி (ரிங்கிட்) போச்சு

வெட்கத்த விட்டுட்டுதான் இத எழுதுறேன். போன வாரம் பின்வரிசை வீட்டு அக்கா கேக்குறாங்க, "ஒங்க வீட்டுல இருக்குல்ல அந்த தண்ணி வேக்குவம், நல்லாருக்கா, ஒரு பையன் வந்து ஃபார்ம் குடுத்துட்டுப் போயிருக்கான்"னு. எனக்கு வயித்தக் கலக்கிருச்சு. தண்ணியில தூசியப் புடிக்கிற அந்த வேக்குவம் மெஷின எனக்கு வித்தவங்க மறுபடியும் நம்ம பக்கம் சுத்த ஆரம்பிச்சிட்டாங்க.

நாங்க இருக்கிறது மலேசியாவுல, பேராக் சுங்கை சிப்புட் டவுன விட்டு உள்ள தள்ளி, எஸ்டேட்ட ஒட்டின ஒரு தாமான், அதான் குடியிருப்பு. முன்ன ரப்பர் பால் மரமா இருந்த எடம் இப்ப பூரா செம்பனை. குலை ஏத்திக்கிட்டு லாரி செம்மண் ரோட்டுல போனா போதும், மத்தியானம் தொடச்ச டிவி மேல சாயங்காலம் விரலால கோலம் போடலாம். அத்தைக்கு இளைப்பு இருக்கு, பம்பு இல்லாம வெளிய போக மாட்டாங்க, சின்னவனுக்கு ரெஸ்டுங், அதான் மூக்கு அலர்ஜி, காலையில எந்திரிச்சா இருபது தும்மல். இந்த ரெண்டையும் அவனுங்ககிட்ட நாங்களே வாயால சொன்னோம், அதுதான் நாங்க பண்ண மொதத் தப்பு.

2023 தீபாவளிக்கு மூணு வாரம் இருக்கும். பாசார் மாலாம்ல, அதான் ராத்திரிச் சந்தையில, ஒரு பொண்ணு லக்கி டிரா ஃபார்ம் குடுத்துச்சு, பேரு நம்பர் எழுதிப் போட்டேன். ரெண்டு நாள்ல போன் வந்துச்சு, ஒங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு, ஒரு மெத்தை ஒரு சோஃபா இலவசமா சுத்தம் பண்ணித் தர்றோம், ஒண்ணும் வாங்க வேணாம், வீட்டுல புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேரும் இருக்கிற நேரமா சொல்லுங்கன்னு. ரெண்டு பேரும் ஏன் இருக்கணும்னு அப்ப எனக்குத் தோணல. ஒருத்தர்கிட்ட கேட்டுட்டு சொல்றேன்னு தப்பிக்கக் கூடாதுல்ல, அதுக்குத்தான்.

ரெண்டு பையனுங்க வந்தானுங்க, நம்ம பிள்ளைங்கதான், நல்ல மரியாதை, செருப்ப வெளிய அழகா அடுக்கி வச்சிட்டு அத்தை கால்ல விழாத குறை. மெஷினத் தொறந்தா அடியில கண்ணாடி மாதிரி ஒரு வாளி, அதுல தண்ணி ஊத்துனானுங்க. அப்புறம் குழாயில நடுவுல ஒரு கருப்புத் துணிய வச்சி மாட்டி மெத்தை மேல ஒரு பத்து செகண்டு இழுத்துட்டுத் தொறந்து காட்டுனான், கருப்புத் துணியில வட்டமா வெள்ளை வெள்ளையா பவுடரு. "பாட்டி, இது அத்தனையும் தூசிப் பூச்சி, அது போட்ட கழிவு, ஒங்க பேரன் இதுலதான் மூஞ்சிய வச்சித் தூங்குறான்"னான் பாருங்க, அத்தை மாரியம்மான்னு நெஞ்சுல கைய வச்சிட்டாங்க. வாளித் தண்ணி ஆத்தின பால் டீ, தே தாரே கலருக்கு வந்திருச்சு. அதுக்கப்புறம் வேணாம்னு சொல்ற தெம்பு யாருக்கு இருக்கு.

கேஷ்னா 2,890, அன்சுரான், அதாவது தவணைன்னா முன்பணம் 200, அப்புறம் மாசம் 138 வெள்ளி, 24 மாசம். "ஒரு நாளைக்கு அஞ்சு வெள்ளிகூட இல்லக்கா, ஒரு ரொட்டி சானாய் ஒரு தே தாரே காசு"ன்னான். மொத்தம் எவ்ளோன்னு அன்னிக்கு நான் கூட்டிப் பாக்கல, அவனும் சொல்லல. 3,512. கேஷுக்கும் இதுக்கும் 622 வெள்ளி வித்தியாசம். நான் ஒரு ஆபீஸ்ல கிராணி வேலை பாக்குறவ, மாசாமாசம் அடுத்தவங்க கணக்க கூட்டுறவ, சொல்லவே வாய் கூசுது.

அந்த கருப்புத் துணி வித்தைய இப்பயே சொல்லிடுறேன். எல்லாம் முடிஞ்சப்புறம் எந்தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தப்ப அவகிட்ட 159 வெள்ளிக்கு வாங்கின சின்ன வேக்குவம் ஒண்ணு இருந்துச்சு, அதோட குழாயில என் பழைய கருப்பு ரவிக்கைத் துணிய வெட்டி வச்சி அவ மெத்தையில இழுத்துப் பாத்தேன். அதே வட்டம், அதே வெள்ளை. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கிட்டோம். தூசிப் பூச்சி ஒரு மில்லிமீட்டர்ல மூணுல ஒரு பங்குகூட இருக்காது, வெறுங்கண்ணுல பாத்து இதுதான் பூச்சின்னு யாராலயும் சொல்ல முடியாது. நாம பாக்குறது உதிர்ந்த தோலு, பஞ்சுத் தூளு, அப்புறம் நம்ம வீடுகள்ல குளிச்சிட்டு வந்து பிள்ளைக்கு அப்புறோமே முகப் பவுடரு, அதுவும்தான். எந்த மெத்தையில எந்த மெஷின வச்சாலும் அது வரும், அது மெஷினோட பெரும கெடையாது.

சரி மெஷின் கதைக்கு வர்றேன். மொத ஆறு மாசம் நல்லாத்தான் ஓடுச்சு, பொய் சொல்லக்கூடாது. ஆனா ஒவ்வொரு தடவையும் தண்ணி ஊத்தி, முடிஞ்சோன்ன அந்தச் சேத்துத் தண்ணிய பின்னால கொட்டி, வாளியக் கழுவி, காய வைக்கணும். ஒரு நாள் மறந்துட்டு அப்டியே விட்டுட்டேன், மறுநாள் தொறந்தா செத்த எலி வாடை. அதோட வெயிட்டு வேற, அத்தையால தூக்கவே முடியாது, அவங்களுக்காக வாங்கின சாமான். வர வர வாரத்துக்கு ஒரு தடவ, அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவன்னு ஆயிருச்சு, மத்த நாள் பழைய வெளக்குமாறுதான்.

2024 கடைசியில ஒரு சத்தம் வர ஆரம்பிச்சிச்சு, கீச்சுன்னு, ரைஸ் மில்லு மாதிரி. வித்த பையனுக்கு வாட்சப்ல வாய்ஸ் அனுப்புனேன், "அது நார்மல்க்கா, தண்ணி மெஷின்னா சத்தம் இருக்கும், ஓட்டுங்க"ன்னு பதில் வந்துச்சு. அந்த மெசேஜ நல்ல வேள அழிக்கல. ஓட்டுனேன். தைப்பூசத்துக்கு முன்னால வீட்ட சுத்தம் பண்றப்ப ஒரு கருகல் வாடை, மெல்லிசா புகை, அவ்ளோதான், நின்னுருச்சு. பாக்கி அன்சுரான் இன்னும் ஒம்போது மாசம் இருந்துச்சு.

மோட்டாருக்குப் பத்து வருஷம் வாரண்டின்னு பெட்டியில கொட்ட எழுத்துல போட்டிருக்கு, நான் தைரியமாதான் இருந்தேன். கார்டுல இருந்த ஈப்போ சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கிட்டுப் போனா அங்க கைப்பேசி கவரு விக்கிற கடை இருக்கு, அவரு பாவம், "நெறைய பேரு வர்றாங்க தங்கச்சி, நான் வந்தே ஒரு வருஷம் ஆச்சு"ன்னாரு. அப்புறம் கம்பெனியில கோலாலம்பூருக்கு, கேஎல்லுக்கு அனுப்பச் சொன்னாங்க, அனுப்புற செலவு 60 வெள்ளி என் காசு. மூணு வாரம் கழிச்சி பதில் வந்துச்சு: மோட்டாருக்குள்ள தண்ணி போயிருக்கு, தண்ணியால வந்த பழுதுக்கு வாரண்டி கிடையாது.

தண்ணியிலதான்யா அந்த மெஷினே ஓடுது! தண்ணி ஊத்துன்னு சொல்லிக் குடுத்ததும் நீதான், தண்ணி பட்டா வாரண்டி இல்லன்னு சொல்றதும் நீதான்.

வாரண்டி கார்டப் பூதக்கண்ணாடி வச்சி அப்பதான் படிச்சேன். மலாய்ல பொடி எழுத்து. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ அவங்ககிட்டயே 165 வெள்ளிக்கு ஃபில்டர் வாங்கி ரெசிட்ட ஒட்டி வச்சிருக்கணும், இல்லன்னா வாரண்டி செல்லாது. கூலியும் போக்குவரத்தும் சேராது. புது மோட்டார் 780 வெள்ளி, எப்ப வரும்னு சொல்ல முடியாது, அந்த மாடல் நின்னுபோச்சாம்.

மெஷின திருப்பி வாங்கிட்டு வந்து, இதுக்கு மேல வாரண்டி போனா போகட்டும்னு பாசார் பக்கம் ரிப்பேர் கடை வச்சிருக்கிற சீன அங்கிள்கிட்ட குடுத்தேன். நம்ம அம்மா காலத்து ஆளு, ரேடியோவெல்லாம் பாத்தவரு, தமிழும் மலாயும் கலந்து பேசுவாரு. மோட்டாரக் கழட்டி மேசையில வச்சி துருப்பிடிச்ச ஒரு சின்ன வளையத்த ஸ்க்ரூ டிரைவரால தட்டிக் காட்டுனாரு. அதுல 608னு நம்பர் போட்டிருக்கு. பிள்ளைங்க ஸ்கேட்டிங் சக்கரத்துல போடுற அதே பேரிங்காம், சில வெள்ளிதான் விலை. ஈரம் ஏறி இது துருப்பிடிச்சதாலதான் அந்தக் கீச்சு சத்தம், அப்பயே நிப்பாட்டி மாத்தியிருந்தா அதோட போயிருக்கும், விடாம ஓட்டுனதுல இது இறுகி காயில் எரிஞ்சிருச்சு. "யாரு ஓட்டச் சொன்னது?"ன்னு கேட்டாரு. நான் ஒண்ணும் பேசல.

அங்கிள்கிட்ட அரை மணி நேரம் உக்காந்து கேட்டதுலதான் எனக்குக் கொஞ்சம் புத்தி வந்துச்சு. 2000 வாட்டுன்னு அவனுங்க பீத்திக்கிட்டது உறிஞ்சுற பலம் இல்லயாம், கரண்டு எவ்ளோ தின்னுதுங்கிற கணக்காம். ஐரோப்பாவுல 2017லேர்ந்து வீட்டு வேக்குவம் 900 வாட்டுக்கு மேல விக்கவே கூடாதுன்னு வச்சிட்டாங்க, அங்கயும் ஜனங்க கம்பளம் விரிச்ச வீட்ட சுத்தம் பண்ணிக்கிட்டுத்தானே இருக்காங்க. பொடித் தூசியப் புடிக்கிற ஹெப்பா ஃபில்டர்னு வாயால சொன்னா போதாது, எச்13ன்னு கிரேடு போட்டிருக்கணும், அந்தக் கிரேடு ரொம்பப் பொடித் தூசியிலயும் 99.95 சதவீதம் புடிக்கும். அப்டிப் போட்டிருந்தாலும் மூடி சந்துல காத்து லீக்கானா பிரயோஜனம் இல்ல. தண்ணி தூசியப் புடிக்கும்கிறது பாதி உண்மைதான், ரொம்பப் பொடியா இருக்கிறது காத்துக் குமிழிக்குள்ளயே தப்பிச்சி வெளிய வந்திரும், அதனாலதான் அந்த மெஷின்லயும் பின்னால ஒரு ஃபில்டர் வச்சிருக்கானுங்க, அதத்தான் 165க்கு விக்கிறானுங்க. சிரிம்னு நம்ம நாட்டுத் தரச் சோதனை நிறுவனத்தோட ஸ்டிக்கர் இருக்கான்னும் பாத்துக்குங்க, ஆனா அத மட்டும் நம்பாதீங்க, என் மெஷின்லயும் இருந்துச்சு, அது கரண்டு ஷாக் அடிக்காம இருக்கிறதுக்கான சோதனை, பத்து வருஷம் உழைக்கும்னு யாரும் சத்தியம் பண்ணல.

இப்ப வீட்டுல இருக்கிறது டவுன் எலக்ட்ரிக் கடையில 329 வெள்ளிக்கு வாங்கினது, உள்ள தூசிப் பை போடுற மாதிரி. கடையில நான் விலைய கேக்கல மொதல்ல, "பை தனியா என்ன விலை, இப்ப எடுத்துக் காட்டுங்க, கெட்டா எங்க குடுக்கணும்"னு கேட்டேன். முன்னால போன கடையில பை ஸ்டாக் இல்ல, ஆர்டர் பண்ணித் தர்றோம்னாங்க, அப்டியே திரும்பி வந்துட்டேன். பை இல்லாத டப்பா மாடல் பாக்க ஸ்டைலா இருக்கு, ஆனா கொட்டுறப்ப தூசி அப்டியே மூஞ்சியில வருது, இளைப்பு உள்ளவங்க வீட்டுக்கு அது ஆகாது. இன்னொண்ணு, சாம்பிராணி சாம்பல், திருநீறு, கோலமாவு இதெல்லாம் தயவுசெஞ்சி வேக்குவத்துல இழுக்காதீங்க, ஃபில்டர் அடைச்சிக்கிட்டு மோட்டார் சூடாயிரும், சாம்பல்ல நெருப்புப் பொறி இருந்தா இன்னும் மோசம். டைல் தரைக்கு ஈரத் துணியே போதும்ங்க. மெத்தை, சோஃபா, கர்ட்டனுக்குத்தான் மெஷின்.

புகாரு விஷயம். வீட்டுக்கு வந்து விக்கிற நேரடி விற்பனைக்கு நம்ம நாட்டுல 1993லயே சட்டம் இருக்கு, பத்து வேலை நாளுக்குள்ள வேணாம்னு எழுதிக் குடுத்து ரத்து பண்ணலாம், என் பேப்பர்லயும் பின்பக்கம் அச்சடிச்சிருந்துச்சு, நான் பாத்தப்ப மூணு மாசம் ஆச்சு. ஆனா அதோட கதவு மூடலையாம். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துல 37வது பிரிவு, வித்த சாமானுக்கு நியாயமான காலம் வரைக்கும் ஸ்பேர் பார்ட்டும் ரிப்பேர் வசதியும் இருக்கணும்னு சொல்லுது. அத வச்சிதான் ஈப்போ போயி பயனீட்டாளர் டிரிபியூனல்ல கேஸ் போட்டேன். கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வரைக்கும் கேக்கலாம், மூணு வருஷத்துக்குள்ள போடணும், வக்கீல் வேணாம். ரெசிட்டு, வாரண்டி கார்டு, "நார்மல்க்கா ஓட்டுங்க" வாட்சப்பு, கேஎல் பதில் லெட்டர், அங்கிள் எழுதிக் குடுத்த துண்டுச் சீட்டு எல்லாத்தையும் காப்பி எடுத்து வச்சிருக்கேன். அடுத்த மாசம் கூப்பிட்டிருக்காங்க.

கேஸ் பேப்பர் அவங்க கைக்குப் போயிருக்கும்போல, முந்தாநாள் ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு, ரொம்ப இனிமையா பேசுச்சு. பழைய மெஷின எடுத்துக்கிட்டு புது மாடல் தர்றாங்களாம், மேல 990 மட்டும் கட்டுனா போதுமாம், கேஸ வாபஸ் வாங்கிக்கணுமாம். நான் வேணாம்னேன். அப்ப போன வெக்கிறதுக்கு முன்னால கேக்குது, "அக்கா, ஒங்க வீட்டு மெத்தைய கடைசியா எப்ப சுத்தம் பண்ணீங்க?"