60 மீட்டருக்கு ஹீலியம்: எந்த வழியில் எத்தனை லிட்டர் செலவாகிறது?

ஆழ டைவில் மயக்கமும் வாயுவின் அடர்த்தியும் குறைய, சுவாசிக்கும் கலவையில் ஹீலியம் சேர்க்கிறோம். அதன் விலை ஏறியதும் எல்லோரும் முதலில் கேட்பது, "கலவையில் எத்தனை சதவீதம் குறைக்கலாம்?" என்றுதான். பணம் கரையும் பெரிய ஓட்டைகள் வேறு இரண்டு இருக்கின்றன. ஒன்று, குமிழியாகத் தண்ணீரில் விட்டுவிடும் மூச்சு. இன்னொன்று, ஹீலியம் வாங்கி வைக்கும் சேமிப்பு சிலிண்டருக்குள் எடுக்க முடியாமல் தங்கிவிடும் வாயு.

ஒப்பிடுவதற்கு ஒரே டைவை எடுத்துக்கொள்வோம். ஆழம் 60 மீட்டர், அங்கே அழுத்தம் 7 பார். இறங்கும் நேரம் சேர்த்து 20 நிமிடம். மேற்பரப்புக் கணக்கில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு. திறந்த சுற்றில், அதாவது மூச்சைத் தண்ணீரில் விட்டுவிடும் முறையில், இறங்கி, இருந்து, மேலேறும்போது முதல் டீகோ வாயுவுக்கு (உடலில் கரைந்த வாயுவை வெளியேற்ற உதவும் கலவைக்கு) மாறும்வரை சுமார் 3,000 லிட்டர் போகும். விலை இடத்துக்கு இடம் மாறுவதால் எல்லாவற்றையும் ஹீலியம் லிட்டரிலேயே சொல்கிறோம். உங்கள் லிட்டர் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

சதவீதத்தைக் குறைத்தால்

18/45 என்றால் 18% ஆக்சிஜன், 45% ஹீலியம், மீதி நைட்ரஜன். 60 மீட்டரில் நான்கு வாயுக்களின் நிலை இது. மயக்க ஆழம் என்பது, காற்றைச் சுவாசித்தால் அதே அளவு மயக்கம் வரும் ஆழம். அதில் ஆக்சிஜனையும் மயக்கம் தருவதாகவே சேர்த்திருக்கிறோம்.

| வாயு | ஆக்சிஜன் பகுதி அழுத்தம், பார் | மயக்க ஆழம் | அடர்த்தி, கிராம்/லிட்டர் | செலவாகும் ஹீலியம், லிட்டர் |
|---|---|---|---|---|
| காற்று | 1.47 | 60 மீ | 9.0 | 0 |
| 21/35 | 1.47 | 35 மீ | 6.4 | 1,050 |
| 18/45 | 1.26 | 28 மீ | 5.6 | 1,350 |
| 15/55 | 1.05 | 21 மீ | 4.8 | 1,650 |

இந்த அட்டவணையில் முதலில் பார்க்க வேண்டியது அடர்த்தி. லிட்டருக்கு 5.2 கிராமுக்குள் இருப்பது நல்லது, 6.2-ஐத் தாண்டவே கூடாது என்பதுதான் இன்று டெக்னிக்கல் டைவர்கள் பின்பற்றும் அளவு. வாயு கனமாக ஆக, நுரையீரலுக்குள் அதைத் தள்ளி இழுப்பதே வேலையாகிவிடும், கார்பன் டை ஆக்சைடு முழுதாக வெளியேறாது. அது ரத்தத்தில் ஏறினால் மயக்கமும் கூடும், ஆக்சிஜன் நச்சும் சீக்கிரம் தாக்கும். 60 மீட்டரில் காற்று என்பது தேர்வே அல்ல. 21/35 மிச்சப்படுத்தும் 300 லிட்டருக்காக 6.4-க்குப் போவதையும் நாங்கள் ஏற்கமாட்டோம். அதே 21/35-ஐ 50 மீட்டரில் சுவாசித்தால் அடர்த்தி 5.5, மயக்க ஆழம் 29 மீட்டர். அதன் இடம் அதுதான்.

திறந்த சுற்று: நிரப்பும் இடத்தில் நடப்பது

தலா 12 லிட்டர் இரட்டை சிலிண்டர், 200 பார், 18/45. டைவ் முடிந்தபோது 75 பார் மிச்சம். அதே கலவைக்குத் திரும்ப நிரப்ப, முதலில் 56 பார் ஹீலியம் விட்டு 131-க்குக் கொண்டுவர வேண்டும். பிறகு 10 பார் ஆக்சிஜன், 141. கடைசியில் காற்று, 200.

சிக்கல் முதல் படியிலேயே இருக்கிறது. உங்கள் சிலிண்டர் 131 பாரை எட்ட வேண்டுமென்றால் சேமிப்பு சிலிண்டரில் அதைவிட அதிக அழுத்தம் இருந்தாக வேண்டும். 50 லிட்டர், 200 பார் ஹீலியம் சிலிண்டரில் உண்மையில் சுமார் 9,100 லிட்டர்தான் இருக்கும். ஹீலியம் காற்றைவிடக் குறைவாகவே அமுங்கும் என்பதால் 10,000 கிடைக்காது. அது 131 பாருக்கு இறங்கும்போது உள்ளே இன்னும் 6,000 லிட்டருக்கு மேல் இருக்கும். காசு கொடுத்து வாங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு. அப்படியே திருப்பிக் கொடுத்தால் லிட்டர் விலை மூன்று மடங்காகிவிட்டது என்று அர்த்தம்.

செலவில்லாத வழி, அழுத்தம் குறைந்த சிலிண்டரிலிருந்து தொடங்குவது. 100 பாரில் நிற்கும் பழைய சிலிண்டரை 75 பார் இரட்டையோடு இணைத்தால் இரண்டும் 92 பார் அளவில் சமமாகும். 17 பார் கிடைத்துவிட்டது. மீதி 39 பாரை மட்டும் புது சிலிண்டரிலிருந்து எடுங்கள். மூன்று சிலிண்டர்களை இப்படிச் சுழற்றினால் மிச்சம் வெகுவாகக் குறையும். ஆக்சிஜனுக்குப் பிறகு ஹீலியம் விட்டால் இன்னும் உயர்ந்த அழுத்தம் தேவைப்படும், அதனால் ஹீலியத்தை முதலில் விடுவதே லாபம். அவசரமாக நிரப்பாதீர்கள். சூட்டில் 131 காட்டும் மானி ஆறியபின் குறைத்துக் காட்டும், ஹீலியம் பற்றாமல் போகும். வெறும் கூட்டல் கழித்தல் கணக்கிலும் ஹீலியம் சற்றுக் குறைவாகவே விழும். நிஜ வாயுச் சமன்பாட்டில் ஓடும் கணிப்பானைப் பயன்படுத்துங்கள்.

பூஸ்டர், தொடர் கலப்பு

காற்றழுத்தத்தில் ஓடும் பூஸ்டர் (வாயுவின் அழுத்தத்தை உயர்த்தித் தள்ளும் பம்ப்) இருந்தால் சேமிப்பு சிலிண்டரை 20 பார் வரைக்கும் உறிஞ்சலாம். ஆனால் பூஸ்டரே நிறையக் காற்றைத் தின்னும், சீல்களைப் பராமரிக்க வேண்டும். வருடம் பத்து டைவ் செய்பவர் தனியாக வாங்குவது கட்டாது. நாலு பேர் சேர்ந்தால் கட்டும்.

தொடர் கலப்பில் ஹீலியம் கம்ப்ரசரின் உறிஞ்சும் குழாயில் குறைந்த அழுத்தத்தில் சேர்கிறது, அதனால் சிலிண்டரைக் கிட்டத்தட்டக் காலியாக்கலாம். அளப்பதும் சுலபம். காற்றோடு ஹீலியம் மட்டும் கலந்த இடத்தில் ஆக்சிஜன் மானி 20.9-லிருந்து 11.5-க்கு இறங்கினால், (20.9 − 11.5) ÷ 20.9, அதாவது 45% ஹீலியம். அதற்கடுத்த கட்டத்தில் ஆக்சிஜனைச் சேர்க்கிறோம். குறைகளும் உண்டு. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால் அவற்றைத் தாண்டி ஹீலியம் கசியும், ஒவ்வொரு முறை தண்ணீர் வடிக்கும்போதும் கொஞ்சம் கலவை வெளியேறும், அழுத்தும்போது ஹீலியம் காற்றைவிட அதிகம் சூடாகும். தேய்ந்த கம்ப்ரசரில் இந்த முறையில் மிச்சப்படுத்துவதாக நினைத்தால் அது கானல் நீர்.

ரீபிரீதர்

ரீபிரீதர் என்பது, விட்ட மூச்சிலிருந்து கார்பன் டை ஆக்சைடை நீக்கி, ஆக்சிஜன் சேர்த்து, அதையே மூடிய சுற்றில் திரும்பச் சுவாசிக்க வைக்கும் கருவி. இங்கே கணக்கே வேறு. சுற்றின் கொள்ளளவு 7 லிட்டர் என்றால், 60 மீட்டருக்கு இறங்க 7 × 6 = 42 லிட்டர் டைலியூயன்ட் (சுற்றை நிரப்பும் கலவை வாயு) போதும். 90 மீட்டருக்கும் 63 லிட்டர்தான். அதே ஆழத்தில் திறந்த சுற்று நிமிடத்துக்கு 200 லிட்டரை ஊதித் தள்ளும். முகமூடிக்குள் புகுந்த தண்ணீரை நீக்குவது, சோதனைக்காகச் சுற்றை அலசுவது, விங் (மிதப்பைச் சரிசெய்யும் காற்றுப் பை) எல்லாம் சேர்த்து ஒரு டைவுக்கு 150 முதல் 200 லிட்டர். 15/55 டைலியூயன்டில் அது சுமார் 80 முதல் 110 லிட்டர் ஹீலியம். திறந்த சுற்றின் 1,350-உடன் வைத்துப் பாருங்கள்.

பெய்லவுட்டை, அதாவது ரீபிரீதர் பழுதானால் சுவாசிக்க வைத்திருக்கும் மாற்று வாயுவை, மறக்கக் கூடாது. 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் 18/45 நிரப்ப 990 லிட்டர் ஹீலியம் வேண்டும். ஆனால் பயன்படுத்தாதவரை அது அப்படியே இருக்கும், ஒருமுறை கலந்த வாயு பிரியாது. ஒவ்வொரு டைவுக்கு முன்னும் அளந்தால் போதும்.

கருவி, பயிற்சி, பெய்லவுட் சிலிண்டர்கள் ஆகியவற்றின் மொத்தத் தொகையை, ஒரு டைவில் மிச்சமாகும் 1,250 லிட்டர் ஹீலியத்தின் விலையிலிருந்து சோடா சுண்ணாம்பு (கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுவது), ஆக்சிஜன் சென்சார் செலவைக் கழித்து வருவதால் வகுங்கள். அத்தனை டைவுக்குப் பிறகுதான் லாபம். சென்சாரை நாள் கடத்தி ஓட்டி அந்தக் கணக்கைச் சரிக்கட்ட வேண்டாம். தளர்ந்துபோன சென்சார் உயர்ந்த அழுத்தத்தில் உண்மையைக் காட்டாது.

ரீபிரீதரிலும் ஹீலியம் வீணாகும். ஏறி இறங்கி, ஏறி இறங்கி நீந்தினால் ஒவ்வொரு இறக்கத்துக்கும் சுற்றைத் திரும்ப நிரப்ப வேண்டும். உலர் உடையை டைலியூயன்டால் ஊதுவது இரட்டை நஷ்டம். ஹீலியம் காற்றைப் போல ஆறு மடங்கு வெப்பத்தைக் கடத்தும், குளிர் எலும்பைத் தொடும். உடைக்கென்று ஒரு சிறு காற்று சிலிண்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்ச வாயு

அடுத்த ஆழ டைவ் எப்போது என்று தெரியாவிட்டால் மிச்சத்தைக் கொட்டாதீர்கள். 100 பார் 18/45 மேல் நைட்ராக்ஸ் 32-ஐ (32% ஆக்சிஜன், மீதி நைட்ரஜன்) 200 பார் வரை ஏற்றினால் 25/22 அளவில் ஒரு கலவை வரும். 40 மீட்டரில் ஆக்சிஜன் பகுதி அழுத்தம் 1.25, மயக்க ஆழம் 29 மீட்டர், அடர்த்தி 5.3. புது ஹீலியம் ஒரு லிட்டர்கூடச் செலவில்லை. காற்றை ஏற்றினால் 19.5/22.5 வரும், 45 மீட்டருக்கு அது சரி. எதை ஏற்றினாலும் ஆறவிட்டு, சில மணி நேரம் கலக்கவிட்டு, ஆக்சிஜன், ஹீலியம் இரண்டையும் அளந்து, பழைய ஒட்டுத்தாளைக் கிழித்துவிட்டுப் புதிய எண்ணோடு அதிகபட்ச ஆழத்தையும் எழுதி ஒட்டுங்கள்.