முழங்கால் வலிக்கு எது கைகொடுக்கும்: முடக்கத்தானா, மஞ்சளா, மத்தி மீனா?

அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம் என்று தெரிந்த நாளிலிருந்து, வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் ஒரு கைவைத்தியம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். பெரும்பாலானவற்றைச் செய்து பார்த்துவிட்டோம்.

முதலில் முடக்கத்தானும் பிரண்டையும். முடக்கத்தானை அரிசியோடு அரைத்துத் தோசை வார்த்தால் கசப்பு அவ்வளவாகத் தெரியாது. ரசத்தில் தெரியும். ஆனால் அம்மாவுக்கு ரசம்தான் பிடிக்கும். அளவு கூடினால் வயிறு இளகிவிடும். எங்களுக்கு வாரம் இரண்டு நாள் சரியாக இருந்தது. பிரண்டை அப்படி லேசில் மசியாது. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணுவை நறுக்கி, நாரை உரித்து, எண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்கி, புளி சேர்த்து அரைக்க வேண்டும். ஒருமுறை அவசரத்தில் அரைகுறையாக வதக்கிவிட்டேன். அம்மாவுக்கு மதியம் முழுக்கத் தொண்டை அரிப்பு. அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் செய்கிற வேலை அது. இரண்டில் முடக்கத்தான்தான் என் தேர்வு, வாரச் சமையலில் எளிதாகச் சேர்ந்துகொள்கிறது என்பதால். இரண்டுமே நல்ல உணவுதான். ஆனால் இவற்றால் மட்டும் அம்மாவின் வலி குறைந்தது என்று என்னால் சொல்ல முடியாது.

மஞ்சளுக்கு ஆதாரம் இன்னும் வலுவானது. தாய்லாந்தில் 2014-இல் வெளியான ஆய்வில், முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரில் ஒரு பாதிக்கு நாளுக்கு 1,500 மில்லிகிராம் மஞ்சள் சாறும், மறு பாதிக்கு 1,200 மில்லிகிராம் இப்யூபுரூஃபன் என்ற வலி மாத்திரையும் நான்கு வாரம் கொடுத்தார்கள். வலி இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. ஆனால் அது செறிவூட்டிய சாறு. நம் மஞ்சள்தூளில், வேலை செய்யும் பொருளான குர்குமின் சுமார் 3 சதவீதம்தான்; ஒரு டீஸ்பூன் போட்டாலும் 100 மில்லிகிராம் அளவுக்குத்தான் வரும். அதுவும் உடலில் சரியாகச் சேராது. மிளகு சேர்த்தால் கூடுதலாகச் சேரும். ஆகவே மஞ்சள் பாலில் மிளகு தட்டிப் போடுவது நல்ல பழக்கம், ஆனால் மாத்திரை அளவு பலனை அதில் எதிர்பார்க்கக் கூடாது. குர்குமின் மாத்திரை வாங்குவதானால், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

மத்தி மீன் வேறு கணக்கு. அதிலுள்ள ஒமேகா-3 என்ற கொழுப்பு, தேய்மானத்தைவிட முடக்குவாதத்துக்குத்தான் (உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் நோய்) அதிகம் பயன்படுகிறது. முடக்குவாத ஆய்வுகளில் கொடுத்த ஒமேகா-3 நாளுக்கு சுமார் 3 கிராம். வாரம் இருமுறை குழம்பு வைத்தால் அந்த அளவு வராது. யூரிக் அமிலத்தால் வரும் கௌட் வலி உள்ளவர்களுக்கு மத்தி வலியைக் கூட்டிவிடும். வலி எந்த வகை என்று தெரியாமல் பத்தியம் தொடங்காதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான். காலையில் விரல்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் மடங்காமல் இறுகியிருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு மருந்தை நிறுத்திவிட்டுக் கீரையை நம்பினால் மூட்டு நிரந்தரமாகச் சிதைந்துவிடும்.

உடனடி ஆறுதல் என்றால் ஒத்தடம்தான். இறுக்கத்துக்குச் சூடு: நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து வைப்போம். மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் ஐஸ்.

அப்புறம், இவை எல்லாவற்றையும்விட அம்மாவுக்கு உதவியது எடை குறைந்ததுதான். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் தாங்கும் பாரம் நான்கு கிலோ குறைகிறது. இரவு சோற்றைப் பாதியாக்கிக் காய்கறியைக் கூட்டினோம். ஐந்து கிலோ இறங்கியது. கூடவே தொடைத் தசைக்கான பயிற்சி: நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை பிடித்து, மெல்ல இறக்குவது. ரசம் கொதிக்கும் நேரத்தில் அடுப்படியிலேயே ஒரு நாற்காலி போட்டு அம்மா அதைச் செய்துவிடுகிறார்.