உலக வளர்ச்சிப் பாடத்தைக் குழாயடியில் தொடங்குவதா, கணினியில் தொடங்குவதா?

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் 'மேம்பாட்டை அறிவோம்' என்று ஒரு பொருளியல் பாடம் உண்டு. தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அதைப் பல வருடமாக நடத்துகிறேன். ஆரம்பத்தில் ஓர் ஆப்பிரிக்கக் குழந்தையின் படத்தைக் காட்டித்தான் தொடங்குவேன். எலும்பும் தோலுமாக, கண்ணோரம் ஈ மொய்க்கும் படம். பிள்ளைகள் உச்சுக்கொட்டுவார்கள், பாடம் நன்றாகப் போகிறது என்று நானும் நினைத்துக்கொள்வேன். ஒரு வருடம் முதல் பெஞ்சுப் பையன் ஒருவன் நிம்மதியாகச் சொன்னான்: "அப்ப நாம பரவாயில்ல சார்."

அவனுடைய ஆயாவை எனக்குத் தெரியும். நாற்பது வருடம் ஃப்ளோரைடு கலந்த போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணி குடித்து முதுகு வளைந்து, குச்சி இல்லாமல் நடக்க முடியாதவர்.

அந்தப் படத்தை அன்றோடு விட்டேன். 54 நாடுகளை ஒரே ஈ மொய்த்த முகமாக்கியது ஒரு தப்பு. வறுமை எங்கேயோ இருக்கிறது, நாம் பரிதாபப்பட்டால் போதும் என்று சொல்லிக்கொடுத்தது அதைவிடப் பெரிய தப்பு. அதற்குப் பிறகு மாற்றி மாற்றி முயன்ற வழிகளைத்தான் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

பாடப்புத்தகம்

இதைக் குறை சொல்வது எளிது, ஆனால் எல்லாப் பிள்ளைகளின் பையிலும் இருக்கும் ஒரே பொருள் இதுதான். கரண்ட் போனாலும் நடக்கும். விஷயமும் சும்மா இல்லை. வருமானத்தை மட்டும் வைத்து ஒரு நாட்டை அளக்கக் கூடாது என்று பாகிஸ்தான் பொருளியலாளர் மஹபூப் உல் ஹக், அமர்த்தியா சென்னின் துணையோடு 1990-ல் கொண்டுவந்த மனித மேம்பாட்டுக் குறியீடு அதில் இருக்கிறது. ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கு அது. 2025 அறிக்கையில் 193 நாடுகளில் இந்தியா 130-வது இடம்.

பிள்ளைகள் இதற்கு இரண்டு மதிப்பெண் விடையைப் பிசகாமல் எழுதுவார்கள். "சரி, இதே அளவுகோலை நம்ம மாவட்டத்துக்கு வெச்சா?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி, சுமார் 68.5 சதவீதம். இந்த எண்ணைக் கேட்டதும்தான் நிமிர்ந்து உட்காருவார்கள். பாடத்தையும் ஊரையும் சேர்த்து முடிச்சுப் போடும் வேலை ஆசிரியர் தலையில்தான் விழுகிறது.

பதினேழு இலக்கு சார்ட்

ஐ.நா. 2015-ல் ஏற்றுக்கொண்ட நிலையான வளர்ச்சி இலக்குகள்: 17 இலக்குகள், 169 உட்பிரிவுகள், 2030 கெடு. கலர் சார்ட், பேச்சுப்போட்டி, உறுதிமொழி என்று ஒரு மதியத்தில் முடித்துவிடலாம். போட்டோ நன்றாக வரும். மறுவாரம் ஆறாவது இலக்கு என்னவென்று கேட்டேன். மூன்று பேர் சார்ட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். மற்றவர்களுக்கு அது சுவரில் இருப்பதே மறந்துபோயிருந்தது. தொடக்கத்துக்கு உதவாத பொருள் இது. எல்லாம் நடத்தி முடித்த பிறகு, 'நாம பேசினது இதில் எங்கே வருது' என்று தேட வைத்தால் உதவும்.

திரை

ஹைடெக் லேப் கிடைக்கிற நாட்களில் இரண்டு விஷயங்களைக் காட்டுவேன். ஒன்று, சுவீடனின் ஹான்ஸ் ரோஸ்லிங் குழுவினர் உருவாக்கிய கேப்மைண்டர் என்ற இணையதளம். ஒவ்வொரு நாடும் ஒரு குமிழி. வருடம் ஓட ஓட வருமானத்தோடும் ஆயுளோடும் குமிழிகள் நகரும். பிள்ளைகள் இதைக் கிரிக்கெட் மேட்ச் போலப் பார்க்கிறார்கள், இந்தியா நகர்ந்தால் கைதட்டுகிறார்கள். சராசரி ஆயுளில் பங்களாதேஷ் நம்மைத் தாண்டும் இடத்தில் கைதட்டல் நிற்கும். "எப்படி சார்?" என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்காகவே ஒரு பீரியடைச் செலவழிக்கலாம். உலகம் கெட்டுக்கொண்டே போகிறது என்ற நினைப்பையும் இது அசைக்கும். 1990-ல் உலகில் பிறந்த 1,000 குழந்தைகளில் 93 பேர் ஐந்து வயதுக்குள் இறந்தார்கள். 2022-ல் அது 37.

இன்னொன்று டாலர் ஸ்ட்ரீட். பல நாட்டு வீடுகளின் அடுப்பு, கழிப்பறை, படுக்கை, பல் துலக்கும் பொருள் எல்லாம் வருமான வரிசையில் போட்டோவாக அடுக்கியிருக்கும். பல் துலக்கும் படங்களைத் தேடச் சொன்னேன். குச்சியும் விரலும் வந்ததும் "எங்க தாத்தா மாதிரி" என்று ஒருத்தி சிரித்தாள். நாடு மாறினாலும் வருமானம் ஒன்றானால் வீடு ஒன்றுபோல இருக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

குறை என்னவென்றால் எழுத்தெல்லாம் ஆங்கிலம், நெட் சுற்றிக்கொண்டே இருக்கும், பாதி நாள் லேபில் வேறு தேர்வு ஓடும். அதைவிட முக்கியம், திரையில் பார்த்தது திரையோடு போய்விடுகிறது. மறுநாள் வரைக்கும் நிற்பது அந்தப் பங்களாதேஷ் ஒன்றுதான்.

விளையாட்டும் மாதிரி சபையும்

மாதிரி ஐ.நா. சபையை ஓசூர் பக்கத் தனியார் பள்ளிகள் கோட்டு சூட்டோடு நடத்துகின்றன. நாங்கள் கோட்டு இல்லாமல் தமிழில் நடத்தினோம். தனக்கு உடன்பாடில்லாத நாட்டின் பக்கம் நின்று வாதாட வேண்டியிருப்பது நல்ல பயிற்சி. ஆனால் நாலு பேர் பேச, முப்பது பேர் வேடிக்கை பார்த்தார்கள். ஒரு வாரமும் போனது. எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

காகித வியாபாரம் வேறு ரகம். வகுப்பை ஆறு குழுவாகப் பிரிக்க வேண்டும். இரண்டு குழுவுக்குக் கத்தரி, ஸ்கேல், பென்சில் எல்லாம் உண்டு, காகிதம் ஒன்றே ஒன்று. மூன்று குழுவுக்குக் கட்டுக் கட்டாகக் காகிதம், கத்தரி கிடையாது. நடுவில் ஒரு குழுவுக்குக் கொஞ்சம் கொஞ்சம். வட்டம், முக்கோணம், சதுரம் என்று அளவாக வெட்டிக் கொண்டுவந்தால் வங்கி வாங்கிக்கொள்ளும். நான்தான் வங்கி. பத்து நிமிடம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல், முக்கோணத்தின் விலையைப் பாதியாக்குவேன்.

அதற்குப் பிறகு நடப்பது ஒவ்வொரு வருடமும் ஒரே கதைதான். காகிதக் குழு கத்தரியை வாடகைக்குக் கேட்கும், கத்தரிக் குழு பாதிக்கும் மேலே பங்கு கேட்கும், யாராவது திருடுவார்கள், யாராவது என்னிடம் வந்து சண்டை போடுவார்கள். போன வருடம் காகிதக் குழுப் பையன் ஒருவன் கத்தினான்: "இது எங்க மாங்கா மாதிரியே இருக்கு சார்!"

அவன் அம்மா வீடு கிருஷ்ணகிரி பக்கம். அங்கே பெங்களூரா மாங்காய் பெரும்பாலும் கூழ் ஃபேக்டரிக்குத்தான் போகிறது. மரம் விவசாயியுடையது, மெஷின் ஃபேக்டரியுடையது, விலை கடல் தாண்டி எங்கேயோ முடிவாகிறது. இந்திய மாங்கூழை நிறைய வாங்கும் நாடுகளில் சவுதியும் உண்டு, உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்றான ஏமனும் உண்டு. 2023 கடைசியில் ஏமனின் ஹூதி படையினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும் சரக்குக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின, கூலி ஏறியது. பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் மாங்காயை மரத்திலேயே விட்ட வருடங்களைப் பையன்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஓசூர் ரோஜாவுக்கும் இதே கதை உண்டு, காதலர் தினத்துக்கு ஐரோப்பாவில் அதற்குப் போட்டி கென்யா ரோஜா.

'உலகமயமாதலும் வர்த்தகமும்' பத்தாம் வகுப்பில் தனிப் பாடமாக வருகிறது. விளையாடிவிட்டு வந்த பிள்ளைகளுக்கு அதை நடத்துவது பாதி வேலை. செலவு, ஒரு பக்கம் எழுதிய பழைய தாள். ஒரு பீரியடில் முடியும், பக்கத்து வகுப்பு ஆசிரியர் கோபிக்காமல் இருந்தால்.

குழாயடி

என் மனசுக்குப் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் அதிகமாகவே எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் பாறைக்கடியில் இருந்து வரும் போர் தண்ணியில் ஃப்ளோரைடு அதிகம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணீரைச் சின்ன வயதில் தொடர்ந்து குடித்தால் பல்லில் கறை விழும், பல வருடம் குடித்தால் எலும்பு இறுகி வளையும். இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-ல் அடிக்கல், 2013-ல் தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து 1,928 கோடி ரூபாய்த் திட்டம். ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் கடன் கொடுத்தது.

பாடம் இப்படிப் போகும். முதல் பீரியடில் பிள்ளைகள் வீட்டிலிருந்து இரண்டு பாட்டில் கொண்டுவருவார்கள், ஒன்று போர் தண்ணி, ஒன்று ஒகேனக்கல் தண்ணி. ஊராட்சியில் இருக்கும் பரிசோதனைப் பெட்டியைக் கேட்டு வாங்கி, மருந்து விட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிடுவோம். இளஞ்சிவப்பு மஞ்சளாக வெளுக்க வெளுக்க ஃப்ளோரைடு கூடுதல். இரண்டாம் பீரியடில் டேங்க் ஆபரேட்டர் அண்ணன் வந்து எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் ஏறுகிறது, எங்கே உடைப்பு, ஏன் சில தெருக்காரர்கள் இன்னும் போர் தண்ணியே குடிக்கிறார்கள் என்று சொல்வார். எல்லோருக்கும் சுத்தமான தண்ணீர், சுகாதாரம் என்ற ஐ.நா.வின் ஆறாவது இலக்கைப் பற்றி அவரைவிடத் தெளிவாகப் பேசுபவரை நான் கேட்டதில்லை.

மூன்றாவது பீரியடில் ஒரே கேள்வி. ஜப்பான் கொடுத்தது உதவியா, கடனா? திருப்பிக் கட்டுவது யார்? பாதி வகுப்பு 'ஜப்பான் நல்லவங்க' என்னும், பாதி 'வட்டி வாங்குறாங்கல்ல' என்னும். அப்போது ஒரு தகவலை எடுத்து வைப்பேன். 1961-ல் அதே ஜப்பான் உலக வங்கியிடம் 80 மில்லியன் டாலர் கடன் வாங்கித்தான் தன் முதல் புல்லட் ரயில் பாதையை முடித்தது. உலக வங்கிக் கடன்களை எல்லாம் கட்டி முடிக்க 1990 ஆயிற்று. கடன் வாங்குகிறவன், கொடுக்கிறவன் என்று நாடுகளுக்கு நிரந்தரப் பட்டம் கிடையாது என்று பிள்ளைகளே பேசத் தொடங்குவார்கள்.

இவ்வளவு நல்ல பாடத்தில் நான் ஒரு பெரிய தப்புச் செய்தேன். முதல் வருடம், பரிசோதனை முடிந்ததும், "பல்லுல கறை யாருக்கெல்லாம் இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட வேகத்திலேயே தெரிந்தது. மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் துப்பட்டாவை எடுத்து வாயை மூடினாள். அந்த வாரம் முழுக்க அவள் வகுப்பில் வாய் திறக்கவில்லை. ஊரிலிருந்து தொடங்குங்கள் என்று பயிற்சிகளில் அடிக்கடி சொல்கிறார்கள். ஊர் என்பது வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் உடம்பு என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

இப்போது அதே பாடத்தை தான்சானியாவில் தொடங்குகிறேன். கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கிலும் இதே ஃப்ளோரைடு, இதே கறை, இதே வளைந்த முதுகு. படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் நல்கொண்டா முறையை நாக்பூரில் உள்ள நீரி நிறுவனம் உருவாக்கியது. தெலங்கானாவின் நல்கொண்டா பெயரைத் தாங்கிய அந்த முறையைத் தான்சானியாவிலும் எத்தியோப்பியாவிலும் பயன்படுத்திப் பார்த்தார்கள். ஆப்பிரிக்காவைப் பார்த்து உச்சுக்கொட்டிய அதே வகுப்புக்கு, அவர்களும் நாமும் ஒரே தண்ணீரைக் குடித்தவர்கள் என்பது இப்படித்தான் போய்ச் சேர்கிறது. அப்புறம் பாட்டில்கள் வரும். பல்லைப் பற்றி நான் கேட்பதில்லை. தானாகச் சொல்பவர்கள் சொல்கிறார்கள்.

குழந்தைத் திருமணத்துக்கும் இதே வழிதான். எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் அது இன்னும் ஓயவில்லை. வகுப்பில் நேரடியாகப் பேசினால் யாரோ ஒருத்தியின் அக்காவைப் பற்றிப் பேசுவதாகிவிடும். நைஜரில் தொடங்கினேன். அங்கே நாலில் மூன்று பெண்களுக்கு 18 வயதுக்குள் கல்யாணம் ஆகிவிடுகிறது. ஏன் என்று கேட்டதும் காரணங்களை அடுக்கியவர்கள் பிள்ளைகள்தான்: பள்ளிக்கூடம் தூரம், வரதட்சணை ஏறும், பொண்ணு யாரையாவது காதலிச்சிடும். நைஜரைப் பற்றி ஒரு வரி படிக்காதவர்களுக்கு இவ்வளவு தெரிந்தது எப்படி என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. பிறகு தேசியக் குடும்ப நல ஆய்வின் எண்களை எழுதினேன்: இந்தியா 23.3 சதவீதம், தமிழ்நாடு 12.8. மணியடித்த பிறகு இரண்டு பேர் வந்து குழந்தைகள் உதவி எண்ணான 1098 நம்பருக்கு அடித்தால் பெயர் சொல்ல வேண்டுமா என்று விசாரித்தார்கள்.

எதை எடுப்பது?

மூன்று பீரியட் மட்டும் இருக்கிறது என்றால் காகித வியாபாரம் ஒன்று, தண்ணீர் இரண்டு. பாடப்புத்தகத்தை வீட்டில் படித்துவரச் சொல்லலாம், பதினைந்து வயதில் அது முடியும். லேப் கிடைத்தால் பங்களாதேஷ் குமிழியை மட்டும் காட்டுங்கள். சார்ட் கடைசியில். மாதிரி சபையை ஆர்வமுள்ள பத்துப் பேருக்கு இலக்கிய மன்ற நேரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. தேர்வு மதிப்பெண்ணில் இந்த வழிகளுக்குள் பெரிய வித்தியாசத்தை நான் பார்க்கவில்லை. வரையறை கேட்டால், மனப்பாடம் செய்த பிள்ளைதான் இன்னமும் அதிகம் வாங்குகிறது. தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்கும்போது இதை மறைத்துப் பேசாதீர்கள், மாட்டிக்கொள்வீர்கள்.

நான் இன்னும் தொடாத பாடம் கல் குவாரி. கிருஷ்ணகிரி கிரானைட் ஏற்றுமதியாகிறது, ஐரோப்பியக் கல்லறைகளில் இந்தியக் கல் நிற்கிறது. கிரானைட்டிலும் ஜல்லியிலுமாக என் வகுப்பில் ஐந்தாறு அப்பாக்களுக்குக் கல்தான் வேலை. குழாயடி மாதிரி நேராகப் போனால் அந்தப் பிள்ளைகளின் சாப்பாட்டில் கைவைப்பதாகிவிடும். காங்கோவில் தொடங்கலாமா என்று யோசிக்கிறேன். உலகின் கோபால்ட்டில் பாதிக்கும் மேல் அங்கேதான் தோண்டுகிறார்கள், அது நம் செல்போன் பேட்டரிக்குள் வருகிறது, செல்போன் பாகங்கள் ஓசூர் பக்கமே தயாராகின்றன. அங்கிருந்து குவாரிக்கு ஒரு மணி நேரப் பஸ் பயணம். வகுப்பு எந்த ஸ்டாப்பில் இறங்கும் என்று ஜனவரியில் பார்க்க வேண்டும்.